சத்தத்தை நிறுத்தும் உரிமை யாரிடம்? – ஓர் அறை வீட்டின் வரலாறு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய காலனி ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீங்க மேல்படிப்பு எல்லாம் படிச்சிருக்கீங்க. வீட்டுல சத்தமா இருந்தா எப்பிடிப் படிக்கிறதுன்னு ஒரு வழி சொல்லுங்க. வீட்ட வுட்டுப் போவவும் முடியாது, உள்ள இருந்து படிக்கவும் முடியல."

நான் எல்லோரும் சொல்வதையே சொன்னேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படி என்றேன். "நாலு மணிக்கு லைட்டப் போட்டா கொழந்த எழுந்து அழுவும். அண்ணி திட்டும்" என்றாள். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றேன். "அம்மா கூப்புட்றது கேக்காதே, அதுக்கு வேற திட்டு வாங்கணும்" என்று சிரித்தாள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சமூகவியலில் முதுகலை முடித்து, களப்பணியில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், ஒரு பெண் படிக்க ஓர் இடம் கேட்டால் பஞ்சைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

தோழர்களே, இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில். அவளுடைய கேள்வி படிப்புத் திறன் பற்றியது என்று நான் நினைத்தது தவறு. அது நிலம் பற்றிய கேள்வி. அந்த வீட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் சொல்லப்படும் யோசனை எதுவும் அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

ஓர் அறை, நான்கு கடிகாரங்கள்

அந்த வீட்டில் ஏழு பேர். பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, இவள். அரசுத் திட்டத்தில் கட்டிய கான்கிரீட் வீடு. ஓர் அறை, ஒரு சிறு சமையல் தடுப்பு, முன்பக்கம் தகரம் போட்ட ஒட்டுத் திண்ணை.

உப்பளத்தில் வேலை செய்பவர்களின் நாள் வேறு மாதிரியானது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி கட்டுவதில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழை வரும் வரை உப்பு வாருவார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மையில் பட்டு வரும் ஒளி கண்ணைக் கூசும், கால் எரியும். அதனால் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட வேண்டும். அம்மா நள்ளிரவு தாண்டியதும் எழுந்து சோறு வடிக்கிறார். குண்டான் சத்தம், அடுப்புச் சத்தம். மதியத்துக்கு முன் திரும்பி வருகிறவர்களுக்குப் பகல்தான் தூங்கும் நேரம். பாட்டிக்குக் காது மந்தம். டி.வி.யைச் சத்தமாக வைத்தால்தான் கேட்கும். குழந்தைக்கு நேரமே கிடையாது. பள்ளிக்கூடம் போகிறவளுக்கு மாலை ஆறு முதல் பத்து வரை வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் விழித்திருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், கடன் கணக்குப் பார்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

மழைக்காலம் வந்தால் இன்னும் மோசம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்தியில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. ஆனால் வேலையில்லாத அந்த மாதங்களில் நாள் முழுவதும் எல்லோரும் வீட்டுக்குள்தான். கூலி நின்று, கடன் ஏறி, குரலும் ஏறும் மாதங்கள் அவை. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு வருவதும் அப்போதுதான்.

இந்த வீட்டில் யாரும் வேண்டுமென்று சத்தம் போடவில்லை. நான்கு தலைமுறைகளின் நான்கு கடிகாரங்கள் ஒரே அறையில் ஓடுகின்றன. மூன்று அறை உள்ள வீட்டில் இதே ஏழு பேர் இருந்தால், அக்கம்பக்கத்தார் அதை 'அமைதியான குடும்பம்' என்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 37.1 விழுக்காடு ஒரே ஓர் அறையில் வாழ்ந்தன. இன்னொரு 3.9 விழுக்காட்டுக்குத் தனக்கென்று ஓர் அறைகூட இல்லை. பத்தில் நான்கு குடும்பங்கள்! 'வீட்டில் அமைதியான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படியுங்கள்' என்று தேர்வுக்கு முன்னால் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இந்தப் பத்தில் நான்கை மனதில் வைத்து எழுதுவதில்லை.

அந்த அறை எங்கிருந்து வந்தது?

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் ராசராசனின் கல்வெட்டுகளை வரலாற்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களில் எந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று பட்டியல் போடும்போது, ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரிசையாகச் சொல்கிறார்கள். சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு. அந்தப் பட்டியலில் கோடு போட்டு அளந்த துண்டாகச் சேரி இருக்கிறது. ஊர் பெருகினால் ஊர் விரியும். சேரி பெருகினால் சேரிக்குள்ளேயே நெருக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தத் துண்டும் நமக்குச் சொந்தமாக இருந்ததா? மரக்காணத்துக்கு வடக்கே சில மைல் போனால் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அங்கே ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் காட்டிய உண்மைகளில் ஒன்று, மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்கு உறுதியில்லை என்பது. மிராசுதாரர்கள் சேரி மனையையும் தங்கள் உரிமை என்றார்கள். கூலி போதவில்லை என்று சொன்னாலும், வேறு பண்ணைக்குப் போனாலும் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று நாம் 'பஞ்சமி நிலம்' என்று சொல்லும் நிலங்களுக்கான அரசாணை வந்தது. அந்த நிலங்களும் எப்படிக் கைமாறின என்பது வேறு கதை. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, கவனியுங்கள். நம் முன்னோர்களுக்கு வீட்டை விட்டுப் போகவும் முடியாது. வீட்டில் நிலையாக இருக்கவும் முடியாது. பண்ணைக் கடன் கட்டிப் போட்டிருந்ததால் வெளியேற வழியில்லை. மனை பண்ணைக்காரருடையது என்பதால் எந்த நாளும் வெளியேற்றப்படலாம். அந்தத் தங்கை சொன்ன சொல், 'போவவும் முடியாது, இருக்கவும் முடியல', நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சேரியின் சட்டநிலை.

1919க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் துறை உருவாகி, ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கித் தரும் வேலையை ஏற்றது. நிலவுடைமையாளர்கள் அதை ஊருக்கு ஊர் எதிர்த்தார்கள். சொந்த மனை கிடைத்துவிட்டால் ஆள் கைக்குள் நிற்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அடுத்த மூன்றாண்டுகளில், 1971இல், குடியிருப்புதாரர்களுக்கு மனை உரிமை வழங்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இழப்பீட்டைத் தவணையாகத் தரும் பிரிவை மட்டும் தள்ளிவிட்டு, சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல்தான் தீர்த்து வைத்தது.

இவ்வளவு போராட்டத்துக்குப் பிறகு கையில் வந்தது என்ன? பெரும்பாலும் இரண்டு சென்ட், மூன்று சென்ட். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. அதில் கட்டிய வீட்டின் அளவைப் பாருங்கள். 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 200 சதுர அடி. 2011இல் வந்த பசுமை வீட்டில் 300. 2016இல் வந்த பிரதமர் வீடு திட்டத்தில் 25 சதுர மீட்டர், சுமார் 270 சதுர அடி. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360. நாற்பது ஆண்டுகளில் நமக்குக் கூடியது ஒரு கட்டில் போடும் இடம்.

இந்தத் திட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. கூரை ஒழுகாத, தீப்பிடிக்காத வீடு என்பது நம் அம்மாக்களின் கனவு. ஆனால் மனை ஒரு முறைதான் கிடைக்கிறது. குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகிறது. தாத்தாவுக்குக் கொடுத்த மூன்று சென்டில் இன்று இரண்டு மகன்கள், ஒரு பேரன் எனத் தனித்தனியாக அடுப்பு வைத்திருக்கிறார்கள். புது மனை கேட்டால் 'ஏற்கெனவே உங்கள் குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது' என்று பதில் வருகிறது. ஊருக்குள் வாடகைக்குப் போகலாம் என்றால் முதல் கேள்வியே 'நீங்க எந்தப் பக்கம்?' என்பதுதான். அதனால்தான் சுவரோடு சுவர் ஒட்டுகிறது. அடுத்த வீட்டு இருமல்கூட இந்த வீட்டில் கேட்கிறது.

'சேரி மாதிரி கத்தாதே'

பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில், சினிமாவில் இந்த வசையைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். நெருக்கமாகக் குடியிருக்க வைத்துவிட்டு, நெருக்கத்தால் வரும் சத்தத்தை நம் பிறவிக் குணம் என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் நந்தனாரின் சேரியைச் சேக்கிழார் வருணிக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். வைகறையில் உழைப்பாளிகளை எழுப்பும் சேவல், நெல் குற்றும் பெண்களின் பாட்டு என அந்த வருணனையில் ஓசை நிறைய இருக்கிறது. அந்த ஓசைகள் எல்லாம் உழைப்பின் ஓசைகள். ஊருக்கு நெல் போனது. ஓசை மட்டும் நமக்கு அடையாளமாகத் தங்கிவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஊருக்கு வேண்டும்போது நம்மிடம் சத்தத்தைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கினார்கள். சாவுக்குப் பறை அடி, திருவிழாவுக்கு அடி, தமுக்குப் போட்டு அறிவி. அடிக்கமாட்டேன் என்றால் ஊர்விலக்கம். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் இழிதொழிலாகப் பறையடிப்பதை மறுக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனது இதனால்தான். பின்னால் வந்த தலைமுறை அதே பறையைப் போராட்டக் கருவியாகக் கையில் எடுத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். ஆனால் இரண்டின் கோரிக்கையும் ஒன்றே: எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நாங்கள் தீர்மானிப்போம்.

வெளியிலிருந்து வரும் சத்தமும் உண்டு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மரக்காணத்தைத் தொட்டுக்கொண்டு போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒலிப்பான் ஓய்வதில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்கு அந்தச் சாலையில் வண்டிகள் போனபோது மூண்ட வன்முறையில் மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, கூட்டமாக வரும் வண்டிகளின் ஒலி வெறும் ஒலியாக இருக்க முடியாது. அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிற தாயிடம், ஒலியளவை டெசிபலில் சொல்லிப் பயன் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று சென்னை மாதவரம் பகுதிக் குடியிருப்போர் சங்கம் ஒன்று தொடர்ந்த வழக்கில், வழிபாட்டு உரிமை என்ற பெயரில் ஒலிபெருக்கியால் மற்றவர் அமைதியைக் கெடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கை நடத்த ஒரு சங்கம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், புகார் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் காவல் நிலையம் வேண்டியிருந்தது. நம் காலனியில் ஒருவர் ஊர்க்கோயில் ஒலிபெருக்கி பற்றிப் புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரே குடும்பத்துக்குள் எழும் சத்தத்துக்கோ இந்த விதிகள் உதவுவதில்லை. சதுர அடியைக் கூட்டாமல் அதைக் குறைக்கவும் முடியாது.

பொத்தான் யார் கையில்?

கொஞ்சம் வெளியே போய் வருவோம். சத்தம் மனிதர்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றி அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனைகள் 1972இல் நூலாக வந்தன. இரண்டு குழுக்களுக்கும் ஒரே அளவு எரிச்சலூட்டும் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, 'இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்' என்றார்கள். அவர்களும் பெரும்பாலும் அழுத்தவில்லை. பிறகு இரண்டு குழுவுக்கும் கடினமான புதிர்களையும் பிழைதிருத்தும் வேலையையும் கொடுத்தார்கள். பொத்தான் இருந்த குழு சோர்வடையாமல் அதிக நேரம் முயன்றது. பிழைகளையும் அதிகம் கண்டுபிடித்தது. பொத்தான் இல்லாத குழு சீக்கிரமே கைவிட்டது.

இரு குழுவும் கேட்டது ஒரே சத்தம்தான். ஆளை உடைத்தது, 'இதை நிறுத்த என்னால் முடியாது' என்ற அறிவு.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். 'அவன் சீக்கிரம் விட்டுவிடுகிறான், விடாமுயற்சி இல்லை' என்று ஆசிரியர்கள் எழுதுகிறார்களே, அந்தப் பிள்ளைகள். பொத்தான் இல்லாத அறையில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வருகிறார்கள் என்பதை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

அடுத்த ஆண்டு, 1973இல், கிளாஸும் சிங்கரும் ஷெல்டன் கோஹனுடன் சேர்ந்து நியூயார்க்கில் நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பை ஆராய்ந்தார்கள். இரைச்சல் அதிகமான கீழ்த்தளங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்த குழந்தைகள், மேல்தளக் குழந்தைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். 1975இல் அர்லீன் பிரான்ஸாஃப்ட் அதே நகரில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆராய்ந்தார். தண்டவாளப் பக்கத்து வகுப்பறையில் படித்த பிள்ளைகள், மறுபக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓர் ஆண்டு வரை பின்தங்கினார்கள். அதே பள்ளி, அதே மாதிரிக் குடும்பங்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டை வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் ஒலி தாங்கும் பலகை போட்டார்கள். 1981இல் திரும்ப ஆராய்ந்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

பிள்ளைகள் மாறவில்லை. கூரை மாறியது, தண்டவாளம் மாறியது. தகுதி, திறமை என்று நம்மிடம் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பரேல் அறையில் இரவு இரண்டு மணி

நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ராம்ஜி சக்பால் தன் குடும்பத்தை பம்பாய்க்கு அழைத்து வந்து, லோயர் பரேலில் மில் தொழிலாளர்கள் வாழும் டபக் சால் என்ற குடியிருப்பில் ஓர் அறை எடுத்தார். ஒரே அறை. அதுதான் சமையலறை, அதுதான் படுக்கையறை. சாமான்கள், விறகு, மாவரைக்கும் கல், ஒரு ஆடு எல்லாம் அதற்குள்தான். மகன் பீமராவ் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். மகனைச் சீக்கிரம் தூங்கச் சொல்வார். தான் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். இருவர் படுக்க இடம் இல்லை என்பதால் ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் மாற்றிக்கொண்டார்கள். மில் சங்கு ஊதும் வரை அந்தச் சில மணி நேரம்தான் பரேலில் அமைதி. 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அம்பேத்கரின் வாழ்க்கையை 'கஷ்டப்பட்டுப் படித்தார், நாமும் படிப்போம்' என்று மட்டும் படித்தால் போதாது. பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பரேலிலேயே வேறொரு குடியிருப்பில் இரண்டு அறைகள் கிடைத்தபோது ஓர் அறையைப் படிப்புக்கே ஒதுக்கினார். 1930களின் தொடக்கத்தில் தாதரில் 'ராஜகிருகம்' கட்டியபோது தன் நூலகத்தை வைத்தே அந்த வீட்டைத் திட்டமிட்டார். அதற்கு முன்பே, 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா தன் முதல் வேலைகளில் ஒன்றாக 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியது. தான் இரண்டு மணிக்கு எழுந்தவர், அடுத்த தலைமுறையிடம் 'நீயும் இரண்டு மணிக்கு எழு' என்று சொல்லி நிற்கவில்லை. படிக்க இடம் கட்டினார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராம்ஜியின் வழி மகனுக்குத்தான் கிடைத்தது. மரக்காணத்துத் தங்கையின் அண்ணனும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு வீட்டில் படிக்கவில்லை. தெருவிளக்கின் கீழே, உப்புக் கொட்டகையில், கடற்கரையில் நண்பர்களோடு படித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை ஆறு மணிக்கு மேல் வாசலைத் தாண்டினால் கேள்வி வரும். வீட்டிலிருக்கும் நேரத்திலும் கையில் குழந்தை, அடுப்பில் உலை. 'வெளியேற முடியாத வீடு' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளில் இல்லை. நம் இயக்கத் தோழர்கள் மேடையில் சாதியைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்றால், அந்த அறையில் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்று அவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தென்னார்க்காட்டில் கட்டப்பட்ட அமைதி

1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும் வரை மரக்காணம் தென்னார்க்காட்டில் இருந்தது. அதே தென்னார்க்காட்டில், சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் உள்ளே போக முடியாமல் நின்ற ஊரிலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் வந்தன. சேரியில் வைத்தே கற்பித்தால் போதாது. தங்க இடம், சோறு, விளக்கு, படிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் கல்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. இன்று நாம் ஆதிதிராவிடர் நல விடுதி என்று சொல்லும் ஏற்பாட்டின் பின்னால் இப்படிப் பலருடைய உழைப்பு இருக்கிறது. அந்த விடுதிகளின் கழிவறையும் சாப்பாடும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்காக நாம் போராடும்போது, அதை ஒரு சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம். பிடுங்கப்பட்ட அறைக்கு ஈடாக வாங்கிய அறை அது.

அண்மைக் காலத்தில் இந்த வட்டாரத்துக்கே ஒரு நினைவு இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடி, பாடம் செல்போனுக்கு வந்தது. ஓர் அறை வீட்டில் ஒரு போனை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் படித்திருப்பார்கள்? அந்த இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தது மரக்காணம் ஒன்றியத்தில் உள்ள முதலியார்குப்பத்தில்தான். மாலையில் ஒன்றரை மணி நேரம், வீட்டருகே ஒரு பொது இடத்தில், தன்னார்வலர் ஒருவரோடு படிப்பு. பெயர் 'இல்லம் தேடி' என்று இருந்தாலும், வகுப்பு நடந்தது பெரும்பாலும் இல்லத்துக்கு வெளியே: திண்ணையில், சமுதாயக் கூடத்தில், மரத்தடியில். இல்லத்துக்குள் இடம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

என்ன செய்யலாம்?

முதலில் அந்தத் தங்கைக்கு. உனக்குக் கவனம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், உன் கையில் பொத்தானைக் கொடுக்கச் சொல்லிக் கேள். டி.வி. நிற்கும், குழந்தையை அண்ணன் தூக்கிக்கொள்வான், உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். முழு அமைதி கிடைக்காது. ஆனால் எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தம் ஆளை உடைக்காது. வீட்டுச் சத்தம் அடியும் வசையுமாக மாறினால் அதைச் சகிக்க வேண்டிய கடமை உனக்கு இல்லை. 1098, 181 என்ற இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்.

அடுத்து நமக்கு, தோழர்களே.

ஒன்று. நம் ஊராட்சிகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகக் கட்டடங்கள் இருக்கின்றன. நான் போன பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன, அல்லது மூட்டை அடுக்கும் இடமாக இருக்கின்றன. சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை. மாலை ஆறு முதல் ஒன்பது வரை விளக்குடன் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மரக்காணம் போன்ற பேரூராட்சியாக இருந்தால் மனுவாகக் கொடுங்கள்.

இரண்டு. காலனியில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும், வீட்டிலிருந்து கூட்டி வந்து கொண்டுபோய் விடும் ஏற்பாடும் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் நம் பாடசாலையும் ஆண்களின் தெருவிளக்காகவே இருக்கும்.

மூன்று. மனைப்பட்டா கோரிக்கையில் 'குடும்பத்துக்கு ஒன்று' என்ற கணக்கை எதிர்த்துப் பேசுங்கள். திருமணமாகித் தனி அடுப்பு வைத்தவர்களின் பட்டியலைத் தெருத் தெருவாக எடுங்கள். வீட்டுக்கு எத்தனை அறை, எத்தனை பேர் என்று எண்ணி மனுவோடு இணையுங்கள். 'நெருக்கடி' என்று எழுதினால் அதிகாரி கடந்து போவார். '200 சதுர அடியில் ஏழு பேர்' என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் வீடுகளின் சத்தத்தை நான் வெறுக்கவில்லை. ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் ஐந்து வீட்டுக் கதவு திறக்கும் தெருவில் வளர்ந்தவள் நான். மூன்று படுக்கையறை அமைதியில் ஒருவர் செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாத நகரத்தையும் பார்த்திருக்கிறேன். நம் தெருவின் ஓசை நமக்கு வேண்டும். வேண்டும்போது கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் வேண்டும்.

போன வாரம் அந்தத் தங்கையைத் திரும்பப் பார்த்தேன். இரவு ஏழிலிருந்து எட்டு வரை அவளுடைய மணி நேரம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பாட்டிதான் முதலில் டி.வி.யை நிறுத்துகிறாராம். "ஆனா அக்கா, பக்கத்து வூட்டு டி.வி. கேக்குது" என்றாள்.

பக்கத்து வீட்டிலும் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கிறது. இந்த வாரம் அங்கே போகிறேன்.

ஜெய் பீம்.